தூசி பிடிக்கும் குழு

புதிய இயக்குநர் பொறுப்பேற்ற மூன்றாம் நாள், காலை பத்தே காலுக்கு, வளையக் குழாய்க்குள் ஒரு தூசி விழுந்தது. தூசி விழுவது அந்த நிறுவனத்துக்குப் புதிதில்லை. இருபது வருடத்துக்கு மேலாக விழுந்துகொண்டுதான் இருந்தது. இயக்குநர் கட்டுப்பாட்டு அறையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து விழுந்ததுதான் அது செய்த குற்றம்.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தரைக்கடியில் ஒரு சுரங்கத்தில், முந்நூறு மீட்டர் சுற்றளவுக்கு வட்டமாக ஓடுகிறது அது. மணிக்கட்டுக் கனம்தான் இருக்கும். உள்ளே காற்று கிடையாது, எதுவும் கிடையாது. அந்த ஒன்றுமில்லாமையைக் கட்டிக்காக்க நூற்று நாற்பது பம்புகள் ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. அதற்குள் எலக்ட்ரான்கள் தலைமயிரைவிட மெல்லிய கற்றையாக, நொடிக்குப் பத்து லட்சம் தடவை சுற்றி வருகின்றன. வளைவுகளில் திரும்பும்போது கற்றை எக்ஸ்ரே ஒளியைச் சிந்தும். அந்த ஒளியில் தங்கள் பொருளை வைத்துப் பார்க்கத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு தூசி பிடி விட்டுக் கற்றையின் நடுவில் விழுந்தால், எலக்ட்ரான்கள் அதில் மோதிச் சிதறும். சிதறலை அளக்கும் இழப்பு மானிகள் அலறும். அலறல் ஓர் அளவைத் தாண்டினால் இயந்திரம் தானாகவே கற்றையை நிறுத்திக்கொள்ளும். மறுபடி நிரப்ப முக்கால் மணி நேரம். அவ்வளவுதான் விஷயம்.

இதெல்லாம் குழாயக்காவுக்குத் தண்ணி பட்ட பாடு. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் குழாயின் மெக்கானிக். பம்பு மாற்றுவது, இணைப்புக்குச் செப்பு வளையம் போட்டு போல்ட் முடுக்குவது, ஒழுக்கு பார்ப்பது எல்லாம் அவள் கை. அவளுடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அவளுக்குத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. குழாயை ஒருதரம் திறந்து மூடினால் முதல் வாரம் தூசி கொட்டும். விழும் தூசியைக் கற்றையே எரித்துவிடும், இல்லை உதறித் தள்ளிவிடும். அடுத்த வாரம் பாதியாகும். இரண்டு மாதத்தில் எப்போதாவது ஒன்று என்று அடங்கிவிடும். அதற்கு வைத்தியம், கற்றையை ஓட்டிக்கொண்டே இருப்பதும் குழாயைத் தொடாமல் இருப்பதும்தான். மூன்று இயக்குநர்கள் இந்த வைத்தியத்தைச் செய்தார்கள், அதாவது ஒன்றும் செய்யாமல் இருந்தார்கள். பதிவேட்டில் 'எதிர்பாராத இழப்பு, தூசி' என்று எழுதிவிட்டு மறுபடி நிரப்புவார்கள்.

நான்காமவர் அந்தப் பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் அரங்கத்துக்கு வரச்சொல்லிப் பேசினார்.

"எதிர்பாராத இழப்புன்னு நானூத்திச் சொச்சம் இடத்துல எழுதியிருக்கு. எனக்கு இந்த வார்த்தையே பிடிக்கல. முப்பது வருஷம் நிர்வாகத்துல இருந்திருக்கேன். என் வாழ்க்கையில எதிர்பாராம எதுவும் நடந்ததில்ல, என் பதவி உயர்வு உட்பட. எதிர்பாராததுன்னா என்ன அர்த்தம்? யாரோ எதிர்பார்க்கத் தவறிட்டாங்கன்னு அர்த்தம். அந்த யாரோ யாருன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் ஓயப்போறதில்ல. எனக்கு இயற்பியல் தெரியாதுன்னு சில பேர் பேசிக்கிறதா கேள்விப்பட்டேன். உண்மைதான். அதனாலதான் என்னால தெளிவா யோசிக்க முடியுது."

கைதட்டினார்கள். அன்றே 'எதிர்பாராத இழப்பு எதிர்பார்ப்புக் குழு' பிறந்தது. ஏழு பேர். விருந்தினர் மாளிகைப் பொறுப்பாளரைத் தலைவராகப் போட்டார்கள். அவருக்குத் தூசியோடு நல்ல பழக்கம் இருந்தது. அறைகளில் தூசி இருப்பதாக வந்த புகார்களெல்லாம் அவர் பேருக்குத்தான் வந்தன.

குழு இரண்டு விதிகள் போட்டது. ஒன்று, இழப்பு மானியின் அளவைப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பது. எந்தத் தூசியும் தப்பிவிடக் கூடாது. இரண்டு, கற்றை நின்றால் நின்ற இடத்தில் குழாயைத் திறந்து, குழு நேரில் பார்த்து, சான்றிதழ் கொடுத்த பிறகே மறுபடி ஓட்டுவது.

குழாயக்கா சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தாள். அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்து, தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், திறக்காதன்னு போட வேண்டிய இடத்துல திறன்னு வந்திருக்குங்க."

"சரியாத்தான் வந்திருக்கு. திறக்காம எப்படிம்மா பாக்கிறது?"

"பாக்க முடியாதுங்க. அது கண்ணுக்குத் தெரியாது. திறந்தா வெளியில இருக்கிற தூசி உள்ள போகும். இன்னும் அதிகமா விழும்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "ஆக, வெளியில தூசி இருக்குன்னு ஒத்துக்கிறீங்க."

"உலகம் பூரா இருக்குங்க சார்."

"நல்லது. அத எழுத்துல குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். கல்லூரியில் படிக்கும் மகள்தான் வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்தாள். திறந்தால் தூசி கூடும், மூடி வைத்தால் குறையும் என்று இருபத்திரண்டு வருடக் கணக்கோடு நாலு பக்கம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. 'வெளியே தூசி உள்ளதைத் தாங்கள் முன்பே அறிந்திருந்தும் இதுவரை தெரிவிக்காததற்கு விளக்கம் தரவும்.'

முதல் திறப்பே ஒரு விழாவைப் போலத்தான் நடந்தது. வழக்கமாகக் குழாயைத் திறக்க வேண்டி வந்தால் குழாயக்கா அந்த இடத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, உள்ளே உலர்ந்த நைட்ரஜனை விட்டு, உறை போட்ட கையோடு மூச்சைக்கூட அளந்து விட்டு வேலை செய்வாள். அன்றைக்கு ஏழு பேரும் கூடாரத்துக்குள் நுழைய முடியாததால் கூடாரத்தை எடுத்துவிடச் சொன்னார்கள். ஓர் உறுப்பினர் கம்பளிச் சட்டை போட்டிருந்தார். இன்னொருவருக்குச் சளி. தலைவர் குழாயின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டு, ஒரு வழி வழித்து, விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு," என்றார்.

சளிக்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தும்மினார்.

சான்றிதழ் எழுதினார்கள். குழாயை மூடி, சூடேற்றி, காற்றை உறிஞ்சிப் பழைய நிலைக்குக் கொண்டுவர மூன்று நாள் பிடித்தது. முன்பெல்லாம் ஒருதரம் நிரப்பினால் இருபது நாள் ஓடும் கற்றை, இந்தத் தடவை ஒன்பது மணி நேரம்தான் ஓடியது. மறுபடி திறந்தார்கள். அடுத்தது நாலு மணி நேரம். அதற்கடுத்தது நாற்பது நிமிடம்.

குழு இதைக் கண்டு மனம் தளரவில்லை. மாதக் கூட்டத்தில் தலைவர் எழுந்து அறிவித்தார்: "நாங்க தேட ஆரம்பிச்ச பிறகுதான் இங்க இவ்வளவு தூசி இருக்கிற விஷயமே வெளிய வந்திருக்கு. முன்னாடி இருந்தவங்க இத எத்தனை வருஷமா மூடி வெச்சிருந்தாங்கன்னு நினைச்சா நெஞ்சு பதறுது."

இயக்குநர் மேடையிலேயே அவரைத் தழுவிக்கொண்டார். தூசியை வரையறுக்க ஒரு துணைக்குழு, வகைப்படுத்த ஒன்று, குழுவின் பயணங்களை ஒழுங்கு செய்ய ஒன்று என்று மூன்று முளைத்தன. ஒவ்வொரு இழப்புக்கும் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'இழப்புக்குக் காரணமானவர்' என்ற கட்டம் இருந்தது. குழாயக்கா 'தூசி' என்று எழுதினாள். பெயர் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. கட்டத்தைக் காலியாக விட்டாள். காலியாக விடக் கூடாது என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, குழாயைக் கடைசியாக மூடியவர் என்ற முறையில் அவளுடைய பெயரை அலுவலகமே நிரப்பிக்கொண்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் புருஷன் மறுநாளைக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவர் வேலை. சாதாரணமாக அவள் அலுவலகக் கதையைக் காதில் போட்டுக்கொள்ளாதவர், அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன், உங்க இயக்குநருக்கு உடம்புல புண்ணே வந்ததில்லையா?"

"என்ன கேக்கறீங்க?"

"ஆறுற புண்ண மணிக்கொருதரம் கட்டப் பிரிச்சு, ஆளாளுக்கு விரல விட்டுப் பாத்தா சீழ் பிடிக்காம என்ன செய்யும்? எங்க வார்டுல ஒரு சொந்தக்காரன் இப்படிப் பண்ணான்னா வெளிய தள்ளிக் கதவ சாத்துவோம்."

"இங்க சொந்தக்காரந்தாங்க டாக்டர்," என்றாள் அவள்.

அடுத்து வந்தது தூசி விழிப்புணர்வு வாரம். சுரங்கத்திலேயே நடத்தினால்தான் உணர்ச்சி பொங்கும் என்று இயக்குநர் ஆசைப்பட்டார். 'தூசியில்லா நாளை' என்று ஜிகினா எழுத்தில் பதாகை கட்டினார்கள். நூற்றைம்பது பேர் செருப்புக் காலோடு இறங்கி, திறந்து கிடந்த குழாயின் முன் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள்: 'நான் தூசியை உண்டாக்க மாட்டேன், உண்டாக்குபவரைக் காட்டிக்கொடுக்கத் தயங்க மாட்டேன்.' கடைசியில் வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவினார்கள். மறு வாரம் குழாயின் உள்ளேயிருந்து குழாயக்கா இடுக்கியால் எடுத்த பொருளை வகைப்படுத்தும் துணைக்குழு நுண்ணோக்கியில் பார்த்து, 'பளபளப்பான, இதுவரை அறியப்படாத தூசி' என்று பதிவு செய்தது. அது ஜிகினா என்று அவள் சொன்னாள். அந்தத் துறையில் அவளுக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து சேர்ந்தாள். முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு கூட இருக்கலாம். ஒரு நாள் முழுக்க ரயிலில் பயணம் செய்து வந்திருந்தாள். கையில் இடுப்புயரத்துக்கு, கடும் குளிரான திரவ நைட்ரஜன் ஊற்றிய ஒரு டிரம். குழந்தைகளின் ரத்தத்தைக் குடிக்கும் ஒரு கிருமியின் புரதத்தைப் படிகமாக வளர்த்து, அந்த டிரம்முக்குள் உறைய வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எக்ஸ்ரே ஒளியில் வைத்துப் பார்த்தால் அந்தப் புரதத்தின் உருவம் தெரியும். உருவம் தெரிந்தால் அதை முடக்கும் மருந்து சரியாக ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். ஆறு நாள் ஒளிக்காக அவள் இரண்டு வருடம் காத்திருந்தாள்.

அவள் கேட்டில் நுழைந்த அன்று கற்றை நின்றது. திறந்தார்கள், மூடினார்கள், மூன்று நாள். நான்காம் நாள் அரை மணி நேரம் ஓடி, மறுபடி நின்றது. ஆறாம் நாள் அவள் நடைபாதை பெஞ்சில் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தான் தூசி எதுவும் கொண்டுவரவில்லை என்று பதினோரு பக்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

குழாயக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுக்கா." படிவத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு அந்தப் பெண் கேட்டாள், "அக்கா, நிஜமாவே குழாய்ல என்ன கோளாறு?"

"குழாய்ல ஒரு கோளாறும் இல்ல."

"அப்பறம் ஏன் திறக்கிறாங்க?"

"கோளாறு இல்லன்னு பாக்கத்தான்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தாள். "வீட்டுல பாப்பாவ எங்க அக்காகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். ஆறு நாள்னு சொல்லிட்டு வந்தேன். என் திட்டத்துக்கு இன்னும் அஞ்சு மாசந்தான் இருக்கு. இந்த ஒளி கிடைக்கலன்னா இது அப்படியே போயிரும்க்கா. படிகம் வளர்க்கவே நாலு வருஷம் ஆச்சு."

குழாயக்கா எழுந்து நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். அங்கே இருந்தவர் கண்ணாடிக்காரர். இயந்திரத்தை ஓட்டுபவர், ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. தடித்த கண்ணாடி வழியாக ஒரு சுற்றறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் குழு வெளிநாடு கிளம்புதாம், அக்கா. தூசி மாநாடு. பதினாறு நாள். சான்றிதழ் போட ஆள் கிடையாது. இப்ப திறந்ததுக்குப் போட்டுட்டாங்க, நாளைக்குக் காலையில நிரப்பிடுவேன், ஆனா அரை மணியில மறுபடி நிக்கும். நின்னா, அவங்க வர்ற வரைக்கும் நின்னதுதான்."

"நிக்கலன்னா?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நிக்கலன்னா சான்றிதழே வேண்டாமே," என்றாள் குழாயக்கா. "மானியோட அளவு, இயந்திரம் செஞ்சவன் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?"

"இப்ப இருக்கிறதப் போல பத்து மடங்கு. இருபது வருஷம் அதுலதான ஓட்டினோம். சின்னத் தூசிக்கு நிக்காது. நிஜமான ஆபத்துன்னா கண்டிப்பா நிக்கும்."

"அப்ப புத்தகத்துல இருக்கிறதயே வைங்க. பதிவேட்டுல எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடுறேன்."

கண்ணாடிக்காரர் சுற்றறிக்கையை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். பிறகு அளவை மாற்றினார். இருவரும் பதிவேட்டில் தேதி, நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எதையும் மறைக்கவில்லை, மறைக்க வேண்டிய காரியம் என்று இருவருக்கும் தோன்றவுமில்லை.

மறுநாள் கற்றை ஓடியது. அன்று ஒரே நாளில் முப்பத்தொரு தூசி விழுந்தது. மானிகள் முனகின, இயந்திரம் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் பன்னிரண்டு. பத்தாம் நாள் நாலு. பதினாறாம் நாள் ஒன்றே ஒன்று. அடுத்து வரவேண்டிய ஆராய்ச்சிக்காரர்கள் இங்கே நடப்பதைக் கேள்விப்பட்டு வராமலே இருந்துவிட்டதால், அந்தப் பெண்ணுக்கே எல்லா நாளும் கிடைத்தது. புரதத்தின் உருவம் திரையில் முழுசாகத் திரண்டு வந்த அன்று, குழாயக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். சுருட்டி எறிந்த ரிப்பன் மாதிரி இருந்தது.

"இதோ இந்தப் பள்ளம் இருக்கில்ல அக்கா, இதுலதான் மருந்து போய் உக்காரணும். மருந்து ஒட்டின படிகத்த ஊருக்குப் போய் வளர்த்து, நாலு மாசத்துல கொண்டுவரேன். அது ஒண்ணுதான் பாக்கி."

"வா. குழாய் இங்கதான் இருக்கும்," என்றாள் குழாயக்கா.

குழு திரும்பி வந்தது. தூசி குறைந்த கணக்கைக் கண்ணாடிக்காரர் வரைபடமாகப் போட்டு மேசையில் வைத்திருந்தார். மலைமேலிருந்து தரைக்கு இறங்கும் பாதைபோல அழகான கோடு. அடுத்த திங்கட்கிழமை அந்த வரைபடத்தைப் பெரிதாக்கி இரண்டு இடத்தில் மாட்டினார்கள்.

காலை பத்து மணிக்கு அரங்கத்தில் பாராட்டு விழா. இயக்குநர் வரைபடத்தைக் காட்டிப் பேசினார்: "குழு மாநாட்டுக்குக் கிளம்பின நாள் இது. திரும்பி வந்த நாள் இது. நடுவுல பாருங்க, தூசி எப்படி இறங்குதுன்னு. இங்க இல்லாம இருந்தே இவங்க இவ்வளவு சாதிச்சிருக்காங்கன்னா, இவங்களோட திறமைய என்னன்னு சொல்றது." ஏழு பேருக்கும் கேடயம் கொடுத்தார்.

மதியம் இரண்டு மணிக்கு விசாரணை. அதே வரைபடம், வேறு அறை. குழாயக்காவும் கண்ணாடிக்காரரும் நின்றார்கள். தலைவர் காலையில் வாங்கிய கேடயத்தை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பதினாறு நாள்ல தூசி விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சுங்க," என்றாள் குழாயக்கா.

"குழுவுக்குக் காட்டினீங்களா?"

"நீங்க ஊர்ல இல்லைங்க."

"அந்தத் தூசியெல்லாம் இப்ப எங்க?"

"பெரும்பாலும் எரிஞ்சு போயிருக்கும்."

தலைவர் எழுதுபவரைப் பார்த்தார். "சாட்சியத்தை அழித்ததாக ஒப்புக்கொண்டார். எழுதுங்க."

குழாயக்கா சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினாள். "சார், காலையில இதே கோட்டுக்குத்தான உங்களுக்குக் கேடயம் குடுத்தாங்க."

"ஆமா. கோடு நல்ல கோடு. நீங்க இறக்கினதுதான் தப்பு."

கண்ணாடிக்காரரை உடனே விருப்ப ஓய்வு பெறும்படி உத்தரவிட்டார்கள். விருப்பம் தெரிவிக்க ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்கள். குழாயக்காவுக்கு எச்சரிக்கை மட்டும்தான், ஏனென்றால் குழாயைத் திறந்து மூடத் தெரிந்த ஆள் வேறு இல்லை. அவள் தேவைப்பட்டாள். இயக்குநருக்கு ஒரு பெரிய யோசனை வந்திருந்தது.

தூசியை வென்ற இடத்தைப் பொதுமக்கள் பார்க்க வேண்டாமா? குழாயில் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடிச் சன்னல் பதிப்பது என்று முடிவானது. குழாயக்காவை அறைக்குக் கூப்பிட்டு, வரைந்த படத்தை இயக்குநரே விரித்துக் காட்டினார்.

"இதுல என்ன சார் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லங்கிறது தெரியும்."

"நான் திறக்க மாட்டேன் சார்."

இயக்குநர் தலையை நிமிர்த்தினார். அந்த அறையில் அந்த வாக்கியத்தை அதுவரை யாரும் சொன்னதில்லை போலிருக்கிறது. புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.

"இப்பத்தான் அடங்கியிருக்கு," என்று அவளே தொடர்ந்தாள். "இப்ப வெட்டினா ஆறு மாசம் எந்திரிக்காது. இன்னும் மூணு மாசத்துல அந்தப் பொண்ணு மருந்து ஒட்டின படிகத்தோட வருது. அது வேலைய முடிச்சுட்டுப் போகட்டும். அப்பறம் நீங்க குழாயில சன்னல் வைங்க, கதவு வைங்க."

"விழாத் தேதி குறிச்சாச்சேம்மா," என்றார் இயக்குநர், வருத்தமாகவே.

மறுநாள் அவளைக் கோப்பு அறைக்கு மாற்றினார்கள். குழுவின் கோப்புகளை அடுக்கித் தூசி தட்டும் வேலை. வெளியிலிருந்து தண்ணீர்க் குழாய் போடும் ஆட்களைக் கூட்டிவந்து சன்னலைப் பதித்தார்கள். அவர்கள் வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஒழுகவில்லை.

ஆராய்ச்சிக்காரப் பெண் சொன்னபடி வந்தாள். விழாவுக்கு இரண்டு நாள் முன்பு. இந்தத் தடவை டிரம்மில் ஏழே ஏழு படிகங்கள். கற்றை பத்து நிமிடம்கூட ஓடவில்லை. விழா முடிந்தால் சரியாகிவிடும் என்று அவளிடம் சொன்னார்கள். டிரம்மில் நைட்ரஜன் குறைந்தபோது, கிடங்கில் போய்க் கேட்டாள். கிடங்கில் இருந்த நைட்ரஜன் முழுவதும் விழாவுக்குப் போயிருந்தது. சன்னலைத் திறந்துவைக்கும்போது இயக்குநரின் காலடியில் வெள்ளையாகப் புகை எழ வேண்டுமாம், அதற்காக ஊற்றினார்கள். புகை நன்றாகவே எழுந்தது. அவர் மேகத்தின்மேல் நிற்பதுபோலப் படம் வந்தது. புதிய லாரி வருவதற்குள் டிரம் வறண்டது. ஏழு படிகங்களும் உருகி, ஒன்றுக்கும் ஆகாத ஈரமாயின.

குழாயக்காவுக்கு விஷயம் தெரிந்து ஓடிவந்தபோது அந்தப் பெண் டிரம்மை மூடிக்கொண்டிருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் இப்போது அழவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? ஆஸ்பத்திரியிலயாவது கேட்டு வாங்கியிருப்பேனே."

"உங்களத் தேடினேன்க்கா. குழாய்ப் பிரிவுல இல்லன்னாங்க. எங்கன்னு கேட்டேன், யாருக்கும் தெரியல." டிரம்மின் பூட்டை மாட்டினாள். "விடுங்கக்கா. இந்த மாசத்தோட திட்டம் முடியுது. மறுபடி விண்ணப்பிச்சா மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள வேற யாராவது பண்ணிருவாங்க. பண்ணட்டும். யாரு பண்ணா என்ன."

இருவருமாக டிரம்மை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி கிளம்பிப் போன பிறகும் குழாயக்கா கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அலுவலகத்தில் யாரையும் அடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை, அன்றைக்குத் தோன்றியது.

கோப்பு அறைக்குத் திரும்பினால் அங்கே இயக்குநர் நின்றுகொண்டிருந்தார். தனியாக வந்திருந்தார். நாளைக்கு மேலிடத்திலிருந்து பெரியவர்கள் சன்னலைப் பார்க்க வருகிறார்கள். பார்க்கும்போது கற்றை ஓட வேண்டும். கற்றை ஓடவே மாட்டேன் என்கிறது.

"நீங்க சொன்னதுல ஏதோ இருக்கும்போலத் தெரியுது," என்றார். "என்ன பண்ணலாம்?"

"சன்னல எடுத்துட்டுக் குழாய மூடுங்க. மானிய புத்தகத்துல இருக்கிற அளவுக்கு வைங்க. ஆறு மாசம் யாரும் கிட்ட போகாதீங்க. தன்னால சரியாகும்."

இயக்குநர் கவனமாகக் கேட்டார். அவர் முகத்தில் மெல்ல ஒரு கலக்கம் படர்ந்தது. கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்:

"அந்த ஆறு மாசம் நாங்கல்லாம் என்ன பண்றது?"

குழாயக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா பண்ணத நீங்களும் பண்ணுங்க சார். காத்துக்கிட்டு இருங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டு போனார். குழாயக்கா ஒரு நாள் முழுக்க நம்பினாள். அடுத்த வாரம் அறிவிப்புப் பலகையில் அது ஒட்டப்பட்டிருந்தது: 'காத்திருத்தல் செயலாக்கக் குழு' அமைக்கப்பட்டுள்ளது, தலைவர், விருந்தினர் மாளிகைப் பொறுப்பாளர், உறுப்பினர்கள் பதினான்கு பேர். முதல் தீர்மானம்: காத்திருக்கத் தக்க நிலையில் குழாய் உள்ளதா என்பதை அறிய, அதை ஆறு இடங்களில் திறந்து பார்ப்பது.

அவள் பேனாவை எடுத்து, அறிவிப்பின் குறுக்கே, பலகையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை 'திறக்காதீர்கள்' என்று எழுதினாள். எழுத்து தடிமனாகத் தெரிய வேண்டும் என்று மூன்று தரம் அதன்மேலேயே எழுதினாள். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் நின்று படித்தார்கள்.

குழாயை மறுநாள் திறந்தார்கள். அதற்கு மறுநாள் அவளுக்கு ஓலை வந்தது. அலுவலக அறிவிப்பின் மேல் எழுதியது ஏன் என்று மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இந்தத் தடவை தட்டச்சு செய்து தரச் சொல்லி அவள் மகளைக் கேட்கவில்லை. அங்கேயே கோப்புகளை ஒதுக்கிவிட்டு, நின்றபடியே, தன் கைப்பட எழுதிக் கொடுத்தாள்:

'இந்த நிறுவனத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்று நம்பி எழுதிவிட்டேன். அப்படி நம்பியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'